எதிரே நின்ற நண்பன்: சிந்திக் கவி நாராயண் ஷ்யாம்

கல்யாண் சந்திப்பில் அம்பர்நாத் பக்கம் செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறினால் முதலில் வருவது விட்டல்வாடி, அடுத்தது உல்ஹாஸ்நகர். நம் சங்கத்துக் குடும்பங்களில் அங்கே சென்று துணி வாங்காத குடும்பம் ஒன்றேனும் இருக்குமா என்பது ஐயமே. தீபாவளிக்கு இரு வாரங்கள் முன்பு அவ்வூர்க் கடைத்தெருவில் தமிழ்க் குரல் காதில் விழாமல் பத்தடி நடக்க இயலாது. நம் பெண்மணிகளுக்கும் சிந்தி வணிகர்களுக்கும் இடையே நடைபெறும் விலைப் போர் காணத் தக்கது. இரு தரப்பாரும் தாமே வென்றதாக எண்ணி வீடு திரும்புவர்.

அந்த ஊரின் பிறப்பில் தமிழர் ஒருவரின் கையும் உண்டு என்பதை நம்மில் பலர் அறியார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது படைவீரர் தங்கும் முகாமாக இருந்தது. நாடு பிரிவினையுற்றபின், சிந்து மாகாணத்தைத் துறந்து வந்த மக்கள் அந்த முகாமின் நீண்ட கொட்டகைகளில் குடியமர்த்தப்பட்டனர். 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், அன்று கவர்னர் ஜெனரலாக விளங்கிய இராஜாஜி அவர்கள் அங்கே அடிக்கல் நாட்டினார். பக்கத்தில் ஓடும் உல்ஹாஸ் ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. ஆயினும் இன்றளவும் அவ்வூரார் ஒன்றாம் முகாம், இரண்டாம் முகாம் என்றே இடம் சொல்லுகிறார்கள்.

அங்கே நாம் வாடிக்கையாகத் துணி வாங்கும் கடை ஒன்று உண்டு. கடையின் வியாபாரத்தைப் பேரப் பிள்ளை பார்த்துக்கொள்கிறார். எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஓர் ஓரத்தில் சாய்ந்தமர்ந்து, வருவோரைச் 'சாயீ' என்று வரவேற்பார். 'ஐயா' என்று நாம் சொல்லுவது போன்ற மரியாதைச் சொல் அது. சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில் கடையில் கூட்டம் இல்லை. பெரியவர் கண்களை மூடி எதையோ மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தார். சுலோகம் போலும் என்று எண்ணினோம். ஆனால் அதனிடையே 'நாராயண் ஷ்யாம்' என்ற பெயர் மீண்டும் மீண்டும் வந்தது. பெருமாள் துதியா என்று கேட்டோம். பெரியவர் கண்ணைத் திறந்து நகைத்தார்.

"பெருமாள் இல்லை, சாயீ. நாராயண் ஷ்யாம் ஒரு கவிஞர். தில்லியில் தபால் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். பாட்டை எழுதியவர் பாகிஸ்தானில் இருந்த ஷேக் அயாஸ். யுத்தம் நடந்தபோது எழுதினார்" என்றார் அவர்.

நாம் ரயில்வேயில் எழுத்தர்; பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தந்தி இலாகாவில் வேலை பார்த்த ஒருவர் பெரிய கவிஞர் என்று கேட்டவுடன், காரியாலயத்தில் கோப்புகளுக்கு நடுவே காலம் கழிக்கும் நமக்கு ஓர் உறவு தோன்றியது உண்மை. போர்க்காலத்தில் எதிரி நாட்டுக் கவிஞர் ஒருவர் அவரை ஏன் பாடினார் என்னும் கேள்வியும் உடன் எழுந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பல ஞாயிற்றுக்கிழமைகள் விட்டல்வாடிக்குச் சென்றோம். நமக்குச் சிந்தி தெரியாது. பெரியவர் இந்தியில் பொருள் சொல்லக் கேட்டும், கிடைத்த இந்தி மொழிபெயர்ப்புகளைப் படித்தும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

நாராயண் ஷ்யாம் 1922ஆம் ஆண்டு சிந்துவில், அந்நாளைய நவாப்ஷா ஜில்லாவில் நௌஷஹ்ரோ பெரோஸ் பகுதியைச் சேர்ந்த காஹி காசிம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பிரிவினை நேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. இந்த வயதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். குழந்தைப் பருவத்தில் வந்தவனுக்கு ஊர் ஒரு கனவாகி மங்கிவிடும். முதுமையில் வந்தவனுக்கு வாழ வேண்டிய காலம் குறைவு. இருபத்தைந்து வயதில் வந்தவனோ ஊரை முழுதும் அறிந்தவன். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அதனை நினைத்துக்கொண்டே சம்பளம் வாங்கி, வாடகை கொடுத்து வாழ வேண்டியவன்.

அவர் எந்த மண்ணில் முளைத்தவர் என்பதைச் சிறிது கூற வேண்டும். சிந்தி மொழியின் தலையாய கவி ஷா அப்துல் லத்தீப். அவர் காலம் 1689 முதல் 1752 வரை. சூபி ஞானி, மணல்மேடு ஒன்றன் மீது தங்கி வாழ்ந்தார். சிந்தியில் 'பிட்' என்றால் மணல்மேடு. அதனாலேயே அவ்வூர் பிட் ஷா எனப்படுகிறது. அவர் பாடல்களின் தொகுப்பாகிய 'ஷா ஜோ ரிசாலோ'வை முதன்முதலில் அச்சேற்றியவர் ஜெர்மானியராகிய டிரம்ப் என்னும் பாதிரியார், அச்சிட்ட இடம் லைப்சிக் நகரம், ஆண்டு 1866. (நம் நாட்டு நூல்களில் எத்தனை நூல்கள் இவ்வாறு கடல் கடந்து சென்று அச்சேறின என்பது தனியே எழுதத் தக்க விஷயம்.) அத்தொகுப்பு இராகங்களின் பெயரால் பல பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று மாருயி என்னும் பெண்ணின் கதையைக் கொண்டது. மாருயி தார்ப் பாலைவனத்து மலீர் ஊரின் இடைக்குலப் பெண். உமர் என்னும் அரசன் அவளைக் கவர்ந்து சென்று உமர்கோட்டைக் கோட்டையில் சிறை வைக்கிறான். பட்டும் பொன்னும் தருகிறான். அவளோ தன் ஊர்க் கம்பளியைக் களையவும் மாட்டேன், தலைக்கு எண்ணெய் தடவவும் மாட்டேன் என்று ஊர் நினைவாகவே இருக்கிறாள். அசோக வனத்துச் சீதையைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சீதை கணவனை நினைந்து வாடினாள். மாருயி தன் மக்களையும் மண்ணையும் மழையையும் நினைந்து வாடுகிறாள். சிந்துவைத் துறந்து வந்த குடும்பங்களில் இப்பகுதி ஓதப்பட்டபோது கேட்டவர்கள் கண் கலங்கியதில் வியப்பு என்ன?

நம் காலத்துக்கு அண்மையில் சிந்திக் கவிதையைத் திருப்பிவிட்டவர் கிஷின்சந்த் பேவஸ் என்னும் லார்க்கானாப் பள்ளி ஆசிரியர். பாரசீக மரபில் வந்த ரோஜாவையும் புல்புல் பறவையையும் பாடிக்கொண்டிருந்த காலத்தில், சிந்துவின் வயலையும் ஏழையின் குடிசையையும் எளிய சொற்களில் பாடலாம் என்று காட்டினார். அவர் 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவர் திறந்த வழியில் நடந்த இளைஞர் பலர். அடுத்த சில ஆண்டுகளில் அவர்களுள் பாதிப்பேர் எல்லையின் இப்பக்கமும் பாதிப்பேர் அப்பக்கமுமாகச் சிதறினர். ஹரி தில்கீர், நாராயண் ஷ்யாம் போன்றோர் இப்பக்கம். ஷேக் அயாஸ் அப்பக்கம்.

நாராயண் ஷ்யாம் தில்லியில் குடியேறித் தபால் தந்தித் துறையில் உத்தியோகம் பார்த்தார். வெளியுலகின் கண்ணுக்கு அவர் வாழ்க்கையில் வேறு நிகழ்ச்சி இல்லை என்றே சொல்லலாம். கட்சித் தலைவர் அல்லர். மேடைப் பேச்சாளர் என்றும் புகழ் பெறவில்லை. எழுதினார். திரும்பத் திரும்பச் செதுக்கி எழுதினார். கஸல், ருபாயி ஆகிய பாரசீக வடிவங்களையும், சிந்து மண்ணில் வழங்கிவந்த தோஹா, பைத், வாயி ஆகியவற்றையும் ஒருங்கே கையாண்டார். தோஹா ஈரடிச் செய்யுள். நம் குறள் வெண்பாவின் அண்டை வீட்டுக்காரன் என்று கூறலாம். வாயி என்பது பல்லவி திரும்பி வரும் இசைப்பாட்டு. இவற்றோடு நில்லாமல் ஐரோப்பியரின் பதினான்கடிச் சானெட்டையும், ஜப்பானியரின் மூன்றடி ஹைக்கூவையும் சிந்தியில் எழுதியவர்களுள் முன்னின்றவர் அவர்.

பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த எட்டடிச் செய்யுள் வடிவம் ஒன்று உண்டு. சிந்தியில் அதனைத் 'தராயல்' என்பர். அதில் முதலடி நான்காம் இடத்திலும் ஏழாம் இடத்திலும் மீண்டும் வரும். இரண்டாமடி எட்டாம் இடத்தில் மீண்டும் வந்து பாட்டை முடிக்கும். எட்டு அடிகளில் ஐந்து அடிகள் திரும்புகையாலேயே நிரம்பிவிடுவதால் கவிஞன் புதிதாகச் சொல்ல எஞ்சுவது மூன்றே அடிகள். இவ்வளவு குறுகிய இடத்தில், திரும்பி வரும் அடி ஒவ்வொரு முறையும் வேறொரு பொருளோடு வர வேண்டும். ஊரை விட்டு வந்தவனின் நினைவுக்கு இதைவிடப் பொருந்திய வடிவம் வேறு இருக்க முடியாது என்பது நம் எண்ணம். நினைவு அப்படித்தானே வருகிறது? அதே வீதி, அதே கிணறு; வருகிறபோது மட்டும் மனம் வேறாக இருக்கிறது. பெரியவர் இவ்வகைப் பாட்டு ஒன்றை ஓதிக் காட்டியபோது பொருள் விளங்குமுன்னரே அடிகள் திரும்புவது நம் காதுக்கு விளங்கிவிட்டது.

அவர் நூல்களின் பெயர்களைக் கேட்டாலே அவர் மனப்பாங்கு புலனாகும். 1964இல் வெளிவந்த 'மாக் பினா ராபேல்' என்பதற்குப் பனியில் நனைந்த மல்லிகை என்று பொருள். ராபேல் என்பது சிந்துவில் பெண்கள் விரும்பும் மல்லிகை வகை. கல்யாண் ரயில் நிலையத்துக்கு வெளியே மாலையில் முழம் கணக்கில் பூ வாங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை. மற்றொரு நூல் 'வாரீஅ பரியோ பலாந்து'. இதற்கே 1970ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு தமிழுக்கான பரிசு கு. அழகிரிசாமி அவர்களின் 'அன்பளிப்பு' நூலுக்கு வழங்கப்பட்டது. நம் அழகிரிசாமியும் இந்தத் தந்தி இலாகாக்காரரும் ஒரே பட்டியலில் நின்றார்கள் என்று அறிந்தபோது நமக்கு இனம் புரியாத மகிழ்ச்சி உண்டாயிற்று. அழகிரிசாமி அவ்வாண்டு ஜூலையிலேயே மறைந்துவிட்டார் என்பதை நினைக்க அம்மகிழ்ச்சி சிறிது குறைந்தது.

'வாரீ' என்றால் மணல். 'பலாந்து' என்ன என்று கேட்டோம். பெரியவருக்கு இந்தியில் ஏற்ற சொல் அகப்படவில்லை. எழுந்து நின்று, தம் குர்த்தாவின் கீழ் விளிம்பை இரு கைகளாலும் பிடித்து முன்னே ஏந்தினார். தானியம் வாங்குகிறவள் புடவைத் தலைப்பை ஏந்துவது போல ஏந்தினார். உடனே நமக்கு விளங்கிவிட்டது: மடி! மணல் நிறைந்த மடி.

"என் அம்மா இப்படித்தான் மடியில் கோகி கட்டிக்கொண்டு வந்தாள். அப்போது எனக்கு ஏழு வயது" என்றார்.

கோகி என்பது சிந்தியரின் கெட்டியான ரொட்டி. வெங்காயம் சேர்த்து, நெய் விட்டு இரு முறை சுடுவர், பயணத்துக்கு ஏற்றது. நம்மவர் கட்டிச் செல்லும் புளிச்சாதத்தின் இடத்தில் அவர்களுக்கு அது. அவருடைய தாயார் மடியில் ரொட்டி வந்தது. கவிஞர் மடியில் மணல் வந்தது என்று நாம் சொன்னோம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. குர்த்தாவின் விளிம்பை மெல்ல நீவிவிட்டு உட்கார்ந்தார். நாம் சொன்னது சற்றுக் கெட்டிக்காரத்தனமான பேச்சாகிவிட்டதோ என்று வழி நெடுக வருந்தினோம்.

அவர் குடும்பம் வந்த வழியைக் கேட்டபோது நம் தொழிற்புத்தி விழித்துக்கொண்டது. சிந்துவிலிருந்து வந்தோர் கராச்சியில் கப்பலேறிப் பம்பாய்க்கும் ஓகாவுக்கும் வந்தனர். மற்றையோர் ரயிலில் வந்தனர். சிந்து ஹைதராபாத்திலிருந்து மீர்பூர் காஸ் வழியாகக் கோக்ராபார் வரையும், அங்கிருந்து எல்லை தாண்டி முனாபாவ், பாட்மேர், ஜோத்பூர் வரையும் மீட்டர் கேஜ் பாதை இருந்தது. ஜோத்பூர் சமஸ்தானத்தின் ரயில்வே நெடுநாள் முன்பு அமைத்து நடத்திய பாதை அது. மாருயி ஏங்கிய அதே தார்ப் பாலைவனத்தின் ஊடே செல்லுவது. பெரியவரின் குடும்பம் இவ்வழியேதான் மார்வாட் சந்திப்பு வந்து, பிறகு பல மாதங்கள் அலைந்து கல்யாண் முகாமை அடைந்ததாம். பெட்டிக்குள் இடமின்றி மேற்கூரையில் அமர்ந்து வந்தவர்களின் காலணி ஒன்று சன்னல் வழியே தம் மடியில் விழுந்ததை அவர் இன்றும் மறக்கவில்லை.

பிரிவினைக்குப் பின்னும் அப்பாதையில் சில ஆண்டுகள் வண்டி ஓடிற்று. 1965ஆம் ஆண்டுப் போரில் பாதை அறுந்தது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லையைக் கடந்து அங்கே வண்டி ஓடவில்லை. 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் தார் எக்ஸ்பிரஸ் என்ற பெயரோடு மீண்டும் தொடங்கிற்று. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் நின்றுவிட்டது.

ஷேக் அயாஸின் பாட்டும் அந்த 1965ஆம் ஆண்டுக்கு உரியது.

ஷேக் அயாஸ் 1923இல் ஷிகார்பூரில் பிறந்தவர். இயற்பெயர் முபாரக் அலி. தொழிலால் வக்கீல். நாராயண் ஷ்யாமைவிட ஒரு வயது இளையவர். சிறு வயதில் அவருக்குக் கவிதை கற்பித்த ஆசிரியர் கியல்தாஸ் 'பானி' என்னும் இந்து. பிரிவினைக்குப்பின் அந்த ஆசிரியரும் இந்தியாவுக்கு வந்துவிட்டார். ஆசிரியரையும் தோழரையும் எல்லைக்கு இப்பால் அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் பிறந்த மண்ணில் நின்ற கவிஞர் அயாஸ். ஊரை விட்டு வந்தவரின் துயரையே நாம் எப்போதும் பேசுகிறோம். ஊரிலேயே இருக்க, தெருவிலிருந்து பாதி வீடுகள் காலியாகிப் போவதைப் பார்த்து நின்றவனின் துயரை அதிகம் பேசுவதில்லை.

போர் மூண்டது. இரு நாட்டு வானொலிகளும் வீர கீதங்களை முழங்கின. அப்போது அயாஸ் ஒரு சிறு பாட்டு எழுதினார். போர்க்களத்தில் தம் எதிரே நிற்பவர் நாராயண் ஷ்யாம் என்று அதில் கற்பனை செய்கிறார். தம் மொழியையே பேசுகிறவர், தம் மண்ணிலேயே பிறந்தவர், அவர்மீது எவ்வாறு துப்பாக்கியைக் குறி வைப்பது என்று கேட்கிறார். பாட்டின் சாரம் இவ்வளவே. யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் அதில் இல்லை.

இதனை எழுதியமைக்காக அவரைத் தேசத் துரோகி என்று தூற்றினர். அப்போர்க் காலத்தில் அவர் சிறைப்பட்டார். அவர் நூல்கள் சில தடை செய்யப்பட்டன. 1971ஆம் ஆண்டு மீண்டும் சிறை. சாஹிவால் சிறையில் எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது.

இவ்விடத்தில் நம் மனத்தில் பட்டதை மறைக்காமல் எழுத வேண்டும். இப்பாட்டின் பொருளை முதலில் கேட்டபோது நமக்கு முழு உடன்பாடு தோன்றவில்லை. அதே 1965 செப்டம்பரில் பாட்மேர் பக்கத்து கட்ரா ரோடு நிலையப் பகுதியில், விமானக் குண்டு வீச்சுக்கு இடையே படைக்கு வேண்டிய பொருள்களை ஏற்றிச் சென்ற ரயில்வே ஊழியர் பலர் உயிர் நீத்தனர். அங்கே அவர்களுக்கு நினைவுச் சின்னம் உண்டு. ரயில்வேத் தொழிலாளர் ஆண்டுதோறும் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். துப்பாக்கி பிடிக்காத, நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் அவர்கள். குண்டு விழுந்தவர்களுக்கு இந்தப் பாட்டு என்ன ஆறுதல் சொல்லும் என்று பெரியவரிடமே கேட்டுவிட்டோம். சற்றுக் கடுமையாகவே கேட்டோம் போலும்.

அவர் கோபிக்கவில்லை. "அவர்களுக்கு இது ஒன்றும் சொல்லாது, சாயீ. இது ஷ்யாமுக்குச் சொன்னது" என்றார்.

அந்த மறுமொழியைப் பல நாள் எண்ணிப் பார்த்தோம். போரை நிறுத்தவோ நியாயம் தீர்க்கவோ எழுந்த பாட்டு அன்று அது. தபால் போகாத, வண்டி ஓடாத நாளில் ஒரு நண்பனுக்கு எழுதிய கடிதம். உலகமே படிக்கும்படி எழுதினால்தான் அவன் கைக்குப் போய்ச் சேரும் என்ற நிலை. அதற்காக எழுதியவர் சிறை சென்றார் என்பதை நினைக்கும்போது, கட்ரா ரோடு ஊழியர்களுக்குத் தலை வணங்கும் நாம் இவருக்கும் தலை வணங்கத் தடையில்லை என்று தோன்றியது. எல்லா அன்பர்களும் இதனை ஏற்க வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை.

அயாஸ் பின்னாளில், 1976ஆம் ஆண்டு, சிந்துப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தரானார். சிறையில் வைத்த அரசாங்கங்களும் மாறின, நாற்காலியும் வந்தது. நாட்டு நடப்பு விந்தையானது. நாராயண் ஷ்யாம் தில்லியிலேயே வாழ்ந்து 1989இல் மறைந்தார். அயாஸ் 1997 டிசம்பரில் மறைந்தார். பிட் ஷாவில், ஷா லத்தீபின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். ஒருவர் தாம் பிறந்த மணலில். மற்றவர் யமுனைக் கரை நகரில்.

இனி மொழியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். கவிஞரின் கதையில் அதுவும் சேர்ந்ததே. நம் தேசிய கீதத்தில் நிலங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன அல்லவா? அவற்றுள் சிந்துவும் உண்டு, திராவிடமும் உண்டு. ஆனால் சிந்து என்னும் மாநிலம் இந்திய வரைபடத்தில் இல்லை. நாம் கல்யாணில் இருந்தாலும் கான்பூரில் இருந்தாலும் தமிழுக்கு ஒரு நாடு இருக்கிறது. அங்கே பள்ளி உண்டு, பத்திரிகை உண்டு, பேருந்தின் நெற்றியில் தமிழ் எழுத்து உண்டு. விடுமுறைக்குச் சென்று வந்தால் குழந்தைகளின் நாக்குத் திருந்தும். இந்தியாவில் சிந்திக்கு அத்தகைய ஊர் இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 27 லட்சம் பேர் சிந்தியைத் தாய்மொழியாகக் கூறினர். அவர்கள் மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் எனப் பல மாநிலங்களில் பரவிக் கிடக்கின்றனர். நெடிய முயற்சிக்குப் பின் 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் பதினைந்தாவது மொழியாகச் சிந்தி இடம் பெற்றது. அன்று அவர்களுடைய புத்தாண்டாகிய சேட்டி சந்த் திருநாள்.

எழுத்தைப் பற்றிய சிக்கல் வேறு. 1853இல் ஆங்கில அரசாங்கம் அரபு வரிவடிவத்தில் ஐம்பத்திரண்டு எழுத்துக்களை வகுத்துத் தந்தது. நாராயண் ஷ்யாம் எழுதியதும் அவ்வெழுத்தில்தான். இந்தியாவுக்கு வந்தபின், நாகரியில் எழுதுவோம், பிள்ளைகள் எளிதில் கற்பர் என்று ஒரு சாராரும், பழைய இலக்கியம் முழுவதும் அரபு எழுத்தில் இருக்கிறதே, அதை விடலாமா என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். முடிவில் இரண்டும் நின்றன. பலன் யாது? தாத்தா எழுதியதைப் பேரன் படிக்க முடியவில்லை.

இதை நாம் நேரில் கண்டோம். பெரியவரிடம் 'மாக் பினா ராபேல்' இருக்கிறது. பழுப்பேறிய தாள், அட்டை கிழிந்து துணி ஒட்டப்பட்டது. கடையைக் கவனிக்கும் பேரப் பிள்ளை நல்லவர். சிந்தி பேசுவார், ஆனால் அந்த நூலை எப்பக்கமிருந்து திறப்பது என்றே அவர் அறியார். அதனை அவர் நகைத்துக்கொண்டே சொன்னார். பெரியவரும் நகைத்தார். இருவர் நகைப்பும் ஒன்றன்று.

அன்று மாலை வீடு திரும்பினோம். நம் மூத்த மகள் எட்டாம் வகுப்பு. மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் நல்ல மதிப்பெண். வீட்டில் தமிழ் பேசுகிறாள். மேசையின் மீது சங்கத்தின் இந்த மாத இதழ் கிடந்தது. அதில் அவள் தோழி கோலப் போட்டியில் பரிசு பெற்ற செய்தி வந்திருந்தது. "அப்பா, எந்தப் பக்கம் என்று காட்டுங்கள், படித்தும் சொல்லுங்கள்" என்று நீட்டினாள். படித்துச் சொன்னோம். அவளுக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை. நமக்கு மட்டும் உல்ஹாஸ்நகர்க் கடையில் அந்தப் பிள்ளை நகைத்தது நினைவில் வந்தது. அவர்களுக்கு மாநிலம் இல்லை, எழுத்துச் சண்டை இருந்தது. நமக்கு இவற்றுள் ஒரு சாக்கும் இல்லை. சனிக்கிழமை தோறும் சங்கக் கட்டடத்தில் நடைபெறும் தமிழ் வகுப்புக்கு அவளைச் சேர்க்கத் தவறியவர் நாமே. அலுவலக முறைமாற்றம், டியூஷன் என்று காரணம் சொல்லி வந்தோம்.

சென்ற மாதம் மீண்டும் கடைக்குப் போனோம். பெரியவர் மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் இருந்தது. அயாஸின் அந்தப் பாட்டையும், நாராயண் ஷ்யாமின் பாட்டுகள் சிலவற்றையும் நாகரி எழுத்தில் தம் கையால் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தார். கை நடுங்குவதால் ஒரு நாளுக்கு ஒரு பக்கமே ஆகிறதாம். சிந்தியில் மூச்சை உள்ளே இழுத்து ஒலிக்கும் நான்கு மெய்கள் உண்டு. நாகரியில் அவற்றுக்கு எழுத்தின் கீழ் ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடுகளை மட்டும் சிவப்பு மையில் இழுத்திருந்தார், பேரன் கவனிக்க வேண்டும் என்று. ஒலித்துக் காட்டும்படி கேட்டோம். காட்டினார். நாமும் முயன்றோம். கடைக்கு வந்திருந்த அம்மையார் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

நோட்டின் முதல் பக்கத்தில் கவிஞரின் பெயர் இரு எழுத்துக்களிலும் இருந்தது. மேலே அரபு, கீழே நாகரி. அதன் கீழ் ஓர் அங்குலம் வெற்றிடம். பெரியவர் நம்மிடம் பேனாவை நீட்டி, உங்கள் எழுத்தில் எழுதுங்கள் என்றார். 'நாராயண் ஷ்யாம்' என்று தமிழில் எழுதினோம். அவர் கண்ணாடியை மேலேற்றி நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை அதன்மேல் வைத்து, "இதில் ஷ்யாம் எங்கே தொடங்குகிறது?" என்று கேட்டார்.